இலையின் நோயும் இரத்தத்தின் நோயும்

விஞ்ஞானத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆய்வுகூடத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். யார் கண்டார், எந்த ஆண்டு கண்டார், அதனால் என்ன புகழ் பெற்றார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. கண்டறிந்த உண்மை அதன்பின் எங்கே சென்றது, அதில் எந்தப் பகுதியை ஏற்றனர், எந்தப் பகுதியை ஒதுக்கினர், ஒதுக்கியதன் விலையை யார் கொடுத்தனர் என்ற கேள்விகளை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இக்கேள்விகளை எழுப்புவதற்கு இலங்கையின் மலையகம் மிகத் தகுந்த இடமாகும். கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த நோய்களையும், அவற்றை வளர்த்த மனிதருக்கு வந்த நோயையும் விஞ்ஞானிகள் அம்மலைகளில் ஆராய்ந்திருக்கின்றனர். அவ்வாராய்ச்சிகளில் மூன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கோப்பியின் கதை. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை அரை நூற்றாண்டுக்குள் கண்டி மலைகளின் காடுகளை விழுங்கிவிட்டது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட மக்கள், கடல் கடந்து மன்னாரில் இறங்கி, அடர்ந்த காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் ஏராளம். எஞ்சியோரின் உழைப்பால் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தீவிலிருந்து 10 கோடி இறாத்தலுக்கு மேல் கோப்பி ஏற்றுமதியாயிற்று.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவ்வாண்டே பெர்க்கிலி என்ற அறிஞர் அது முன்பு அறியப்படாத ஒரு பூஞ்சணம் எனக் கூறி, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். வஸ்டாட்ரிக்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குப் ‘பாழாக்குவது’ என்பது பொருள். பெயர் பலித்தது.

விளைச்சல் ஆண்டுக்காண்டு வீழ்ந்த பின்னரே, 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. பூஞ்சணத்தின் விதை போன்ற நுண்ணிய வித்திகள் காற்றில் பரவுகின்றன என்பதையும், இலையின் மேல் நிற்கும் நீர்த்துளியில் முளைத்து, இலையின் அடிப்புறத்துத் துளைகள் வழியே உள்ளே நுழைகின்றன என்பதையும் அவர் நிறுவினார். அத்துடன் அவர் நின்றிருந்தால் தோட்டத்துரைமார் மகிழ்ந்திருப்பர். ஆனால் வார்ட் மேலும் ஒன்றைச் சொன்னார். காடு என்றால் பல்வகை மரங்களின் கூட்டம். ஒரு மரத்தின் நோய்க்கு மற்ற மரங்கள் தடைச்சுவராகும். இங்கோ மலைக்கு மலை, கணவாய்க்குக் கணவாய், இடைவெளியின்றி ஒரே செடி. காற்றைத் தடுக்க மரவேலியும் இல்லை. பூஞ்சணத்துக்கு இப்படி ஒரு விருந்தை மனிதனே படைத்து வைத்தான் என்பதே அவர் கூற்றின் சாரம்.

துரைமார் எதிர்பார்த்தது தூவுவதற்கு ஒரு பொடி. வார்ட் கொடுத்ததோ தோட்டம் அமைந்த முறையின் மீதே ஒரு தீர்ப்பு. அவர்கள் ஏமாற்றமடைந்தனர், வார்ட் 1882இல் நாடு திரும்பினார். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, பலருடைய கூலி பாக்கியாகவே நின்றது. பல்லாயிரவர் வந்த வழியே திரும்பினர். கோப்பி இருந்த இடத்தில், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கி வைத்த தேயிலை பரவியது. எப்படிப் பரவியது? மலைக்கு மலை, இடைவெளியின்றி, ஒரே செடியாக! வார்டின் ஆராய்ச்சியில் பூஞ்சணத்தைப் பற்றிய பகுதி பாடநூலில் ஏறிற்று. தோட்டத்தைப் பற்றிய பகுதியோ அலமாரியில் உறங்கிற்று.

செடிக்கு நேர்ந்தது இது. மனிதனுக்கு நேர்ந்தது என்ன?

தோட்டத்து மருத்துவ வசதிகளுக்கென 1872லிருந்தே சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும், லயங்களில் வாழ்ந்தோரை மெல்ல மெல்ல அரித்த நோய் ஒன்று நெடுங்காலம் ‘கூலிகளின் சோம்பல்’ என்றே எண்ணப்பட்டு வந்தது. அந்நோய்க்குக் காரணம் கொளுக்கிப் புழு. நோயாளியின் மலத்துடன் வெளியேறும் முட்டை ஈரமண்ணில் பொரிக்கிறது. சில நாட்களில் அந்த இளம்புழு மனிதத் தோலைத் துளைக்கும் வல்லமை பெறுகிறது. வெறுங்காலுடன் மிதிப்பவரின் தோலுக்குள் புகுந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்கி, அங்கே இரத்தத்தை உறிஞ்சுகிறது. அது தோல் வழியே நுழைகிறது என்ற உண்மையை 1898ஐ ஒட்டி எகிப்தில் லூஸ் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். புழுவை வயிற்றில் நாற்றாகச் சுமப்பவருக்கு முகம் வெளுக்கிறது, மூச்சு வாங்குகிறது, கருவுற்ற பெண்ணுக்கு உயிரே ஆபத்தாகிறது. நிழலும் ஈரமும் நிறைந்த தேயிலை மலை, மலக்கூடம் இல்லாத லயம், செருப்பறியாத கால் — இந்தப் புழு வேறென்ன கேட்கும்?

அமெரிக்க ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது! செனோபோடியம் எண்ணெய் போன்ற மருந்துகள் கொடுக்கப்பட்டன. இரத்தம் ஊறினால் உழைப்பும் ஊறும் என்பதால் துரைமாருள் பலர் மருந்தை வரவேற்றனர். ஆனால் ஆராய்ச்சி சொன்னது மருந்தோடு முடியவில்லை. மலக்கூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு மீண்டும் அதே காலின் வழியே அதே வயிற்றுக்குத் திரும்பும், திரும்பவும் செய்தது. மலக்கூடம் என்றதும் செலவுக் கணக்கு எழுந்தது. ஒரு குளிகையின் விலை வேறு. ஆயிரம் லயங்களைத் திருத்தும் விலை வேறு.

இந்த அனுபவத்தின் பாடம் வீணாகிவிடவில்லை என்பதையும் நாம் நேர்மையுடன் கூறவேண்டும். மருந்தைவிட முன்தடுப்பே வலிது என்ற எண்ணத்தின் மீது 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி ஒன்று அமைந்தது. மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு தேடி வரும் அம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஆனால் அந்த முறைக்கு வழிகாட்டிய தோட்டத்துத் தொழிலாளியின் உடல்நலமோ நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. பாடம் தோட்டத்தில் கற்கப்பட்டது. பயன் தோட்டத்து வேலிக்கு வெளியே விளைந்தது.

இனி மூன்றாவது கதை. 1925இல் சட்டப்படி தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் தலவாக்கலையில் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அதற்குரிய பணம் ஏற்றுமதித் தேயிலை மீது விதித்த வரியிலிருந்து வந்தது. ஆகவே, கொழுந்து பறித்த கைகளின் பங்கும் அந்நிலையத்தின் ஒவ்வொரு கல்லிலும் உண்டு. அங்கு நடந்த வேலை சிறியதன்று. தேயிலை இலைகளை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று பெருந்தொல்லையாக இருந்தது. ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியை 1935-36இல் கொணர்ந்து மலைகளில் விட்டனர். அது அப்புழுவின் உடலில் முட்டையிட்டுப் பெருகி, சில ஆண்டுகளில் புழுவை அடக்கியது. நஞ்சில்லை; ஆண்டுதோறும் செலவில்லை. இயற்கையைக் கொண்டே இயற்கையை நெறிப்படுத்திய அழகிய வெற்றி அது.

1950களின் பிற்பகுதியில், கிளைகளில் துளையிடும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் பூச்சிநஞ்சைத் தெளித்தனர். நஞ்சு நண்பனையும் பகைவனையும் பிரித்தறியவில்லை. குளவி மாண்டது, அடங்கியிருந்த புழு மீண்டும் தலைதூக்கியது. தங்கள் கண்டுபிடிப்பை நஞ்சு அழிப்பதை நிலையத்தின் விஞ்ஞானிகளே எடுத்துக்காட்டினர், டீல்ட்ரின் கைவிடப்பட்டது. 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை உலகெங்கும் விலக்கிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. வார்ட் சொன்னதையே அச்சிறு குளவியும் சொன்னது: தோட்டம் ஓர் உயிர்க்கூட்டம், ஒரு கண்ணியை அறுத்தால் சங்கிலி முழுவதும் தளரும்.

மூன்று கதைகளையும் சேர்த்து நோக்குங்கள். ஒவ்வொன்றிலும் விஞ்ஞானம் இரண்டு விடைகளைத் தந்தது. ஒன்று மருந்து அல்லது நஞ்சு; மற்றொன்று ஏற்பாட்டை மாற்றுவது. முதல் விடை விலைக்குக் கிடைக்கும். இலாபத்தின் கணக்கில் அடங்கும். இரண்டாம் விடை நிலத்தையும் லயத்தையும் கூலியையும் தொடும். முதலாவதைக் கையேந்தி வாங்கியவர்கள் இரண்டாவதைக் கேளாதவர் போல் இருந்தனர். விஞ்ஞானம் தோற்றது என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. விஞ்ஞானம் உண்மையைச் சொன்னது. பாதி உண்மையை மட்டும் வாங்கும் சந்தையில் அது விற்கப்பட்டது.

மறுபாதியைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் யார்? தொழிலாளர்களே. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது; வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து பறிபோயிற்று. எஞ்சிய சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. பாராளுமன்றத்தில் குரலற்ற மக்களின் இரத்தச்சோகையைப் பற்றி எவர் கேள்வி கேட்பார்? இடையில் 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயம் மாறவில்லை.

2016ஆம் ஆண்டின் தேசியக் குடிசன, சுகாதார ஆய்வு ஓர் எண்ணைத் தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற வளர்த்தியின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் நூற்றுக்கு 32 பேர். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்ற பழமொழிக்கு இதைவிடத் துல்லியமான புள்ளிவிவரம் வேண்டுமா? தேயிலைச் செடி குன்றினால் மண்ணைச் சோதிக்கிறோம், இலையைச் சோதிக்கிறோம், வேரைத் தோண்டிப் பார்க்கிறோம். குழந்தை குன்றினால் தாயின் அறியாமை என்கிறோம். அன்று ‘சோம்பல்’ என்று சொன்ன அதே வாய்தான் இன்று ‘அறியாமை’ என்கிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே, கொளுக்கிப் புழுவின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் வரையும்போது அம்புக்குறிகளோடு நிறுத்தாதீர்கள். அந்த வட்டம் எந்த இடத்தில் அறுபடக்கூடும், அறுப்பதற்கு எவ்வளவு செலவாகும், அச்செலவை மறுத்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓர் ஆராய்ச்சியின் முடிவைப் படிக்கும்போது அதன் கேள்வியை எழுப்பியவர் யார் என்று கேளுங்கள். மலையகத்தின் மக்கள் தங்கள் கேள்விகளைத் தாங்களே எழுப்பும் நாளில்தான் விஞ்ஞானத்தின் மறுபாதி அவர்களுடைய வாசலை வந்தடையும்.