வணிக இணையதளத்தின் பயன்திறன்

ஒரு நிறுவனம் தன் பொருள்களையும் சேவைகளையும் விற்கவும், விலை, முகவரி, வேலைநேரம் போன்ற விவரங்களைத் தெரிவிக்கவும் நடத்தும் தளம் வணிக இணையதளம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி அதன் பயன்திறனை அளப்பது வழக்கம். ஆனால் கடைவாசலில் கூட்டம் நிற்பது வேறு, கல்லாவில் காசு விழுவது வேறு. வந்தவர் எந்த வேலையாக வந்தாரோ அந்த வேலை சிக்கலின்றி முடிந்ததா என்பதே சரியான அளவுகோல். தோற்றத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் அந்த வேலைக்கு உதவும் அளவுக்குத்தான் மதிப்பு.

இதற்கு நல்ல சான்று, லண்டனிலிருந்து நவநாகரிக உடைகளை விற்க வந்த பூ.காம். 1999 நவம்பரில் ஒரே வீச்சில் 18 நாடுகளுக்குக் கடை திறந்தது. உடையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். 'மிஸ் பூ' என்ற வரைகலைப் பெண் கூடவே வந்து யோசனை சொல்வாள். அன்றைக்கு வீடுகளில் இருந்ததோ தொலைபேசி இணைப்பில் ஓடும் மோடம். அதன் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட், அதாவது 7 கிலோபைட். 200 கிலோபைட் படம் ஒன்று இறங்கவே ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். சட்டை வாங்க வந்தவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமார் 13.5 கோடி டாலரைச் செலவிட்ட நிறுவனம் 2000 மே மாதம் மூடப்பட்டது. மூடியதற்குக் காரணம் ஊதாரித்தனமே, இணையதளம் அல்ல என்று வாதிடுவோர் உண்டு. அதில் பாதி உண்மை. செலவைக் கட்டுப்படுத்தியிருந்தால் நிறுவனம் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருக்கும். ஆனால் வாங்க வந்தவரைக் காக்கவைத்த குறை அதனால் தீர்ந்திருக்காது. அதே காலத்தில் அமேசான் எதிர்த்திசையில் போனது. முகவரியையும் அட்டை விவரத்தையும் ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஒரே சொடுக்கில் வாங்க வழிசெய்தது. 1999 செப்டம்பரில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டே ஆப்பிள் நிறுவனம் அதைப் பயன்படுத்த உரிமம் பெற்றது. பார்வைக்கு அது வெறும் பொத்தான்தான். மிச்சமானது வாடிக்கையாளரின் உழைப்பு.

தோற்றம்தான் நம்பிக்கையைத் தருகிறது என்பது வலுவான மறுப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக் குழு 2002-இல் 2,684 பேரிடம் இணையதளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது, ஏன் என்று கேட்டது. அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 விழுக்காடு வடிவமைப்பின் தோற்றத்தைச் சுட்டின. இதைத் தள்ளிவிட முடியாது. அலங்கோலமாகக் கிடக்கும் கடையில் யாரும் அட்டை எண்ணைத் தரமாட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றோர் தளங்களை எடைபோட வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் அல்ல. அதே காலத்தில் மருத்துவ, நிதித்துறை வல்லுநர்களை வைத்து நடந்த இணை ஆய்வில், அவர்கள் தோற்றத்தைவிடத் தகவலின் தரத்தையும் அது எங்கிருந்து வந்தது என்பதையுமே பெரிதாகக் கருதினர். ஆக, விஷயம் தெரிந்தவரைத் தோற்றம் மட்டும் கட்டிப்போடாது. ஒழுங்கான தோற்றம் கதவைத் திறக்கும். விலையை ஒளித்து வைத்திருந்தால் வந்தவர் அதே கதவு வழியே வெளியேறுவார்.

இப்போது இணைப்பு வேகமாகிவிட்டதே, மோடம் காலத்துப் பாடம் எதற்கு என்றும் கேட்கலாம். இணைப்போடு சேர்ந்து பக்கங்களும் பெருத்துவிட்டன: தானாக ஓடும் காணொளி, திரையை மறைத்து மேலெழும் சலுகை அறிவிப்பு, பின்னணியில் ஓடும் விளம்பரக் கண்காணிப்பு நிரல்கள். அவற்றைச் சுமப்பது பெரும்பாலும் விலைகுறைந்த கைபேசி. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்று 2020-இல் கூகுள் வரையறுத்ததற்கு இதுவே பின்னணி. சிறு வணிகருக்குக் கணக்கு இன்னும் எளிது. மிக்சி பழுதுபார்க்கும் கடையைத் தேடி வருபவருக்குத் தொலைபேசி எண், கடை திறந்திருக்கும் நேரம், போகும் வழி, தோராயக் கூலி ஆகிய நான்கும் போதும். நிறுவனரின் தொலைநோக்கு பற்றிய பத்தியை யாரும் தேடுவதில்லை, முகப்புப் பக்கத்தில் பெரும்பாலும் முதலில் வருவது அதுதான் என்றாலும். இணையதளமே வேண்டாம், கூகுள் வரைபடத்தில் ஒரு பதிவும் வாட்ஸ்அப் எண்ணும் போதும் என்பவர்களின் பேச்சும் இத்தகைய கடைகளுக்குப் பொருந்தும். நூறு பொருள்களை அளவும் விலையும் இருப்பும் காட்டி விற்பவருக்கு அது போதாது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பி விலை கேட்க வேண்டியிருக்கும்.