34க்கு 7: ஒரு நாடுகடத்தல் கட்டளையின் தடம்

1937 மே 5ஆம் திகதி இலங்கை அரசாங்க சபை தேசாதிபதிக்கு எதிரான கண்டனத் தீர்மானமொன்றை 34க்கு 7 என்ற கணக்கில் நிறைவேற்றியது. பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடுகடத்தக் கட்டளையிட்ட விவகாரத்தை எழுதியவர்கள் எல்லோரும் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த எண்ணிலேயே ஒரு முடிச்சு தெரிந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்த லங்கா சமசமாஜக் கட்சிக்குச் சபையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: ருவன்வெல்லத் தொகுதியின் என்.எம். பெரேரா, அவிசாவளையின் பிலிப் குணவர்தன. கட்சிக்கு அப்போது வயது ஒன்றரைகூட ஆகவில்லை. காணிச் சொந்தக்காரரும் வழக்கறிஞரும் நிறைந்திருந்த அந்தச் சபையில் மிச்சம் 32 வாக்குகள் எங்கிருந்து வந்தன?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை பேச்சுச் சுதந்திரம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வாக்கெடுப்பு நடந்த அதே நாளில், சபைக் கட்டடத்தை ஒட்டிய காலி முகத்திடலில் ஏறத்தாழ 50,000 பேர் கூடினார்கள். கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, ஏ.ஈ. குணசிங்க, கண்டியின் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, யாழ்ப்பாணத்து ஹன்டி பேரின்பநாயகம், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் ஆகியோர் பேசினார்கள். பொலிஸார் தேடிக்கொண்டிருந்த பிரேஸ்கர்டில் அந்த மேடையில் திடீரெனத் தோன்றினார். அவ்வளவு கூட்டத்தின் நடுவே அவரை யாரும் பிடிக்கவில்லை.

இந்தப் பெயர்ப்பட்டியலை ஒரு சான்றாக வைத்துப் பார்த்தால் சந்தேகம் குறைவதில்லை, கூடுகிறது. அந்த ஆண்டுகளில் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகக் குரல் எழுப்பி வந்தவர். மீனாட்சி அம்மாளோ தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதிப் பாடியும் பேசியும் வந்தவர். தோட்டத் தொழிலாளர் மீதுள்ள பரிவு மட்டும் இவ்விருவரையும் ஒரே மேடையில் ஏற்றியிருக்க முடியாது.

ஆகவே ஆளிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. மார்க் அன்டனி லைஸ்டர் பிரேஸ்கர்டில் 1912இல் லண்டனில் பிறந்து, தாயுடன் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே இளங் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்தார். 1936இல் தேயிலைத் தோட்டமொன்றில் 'கிரீப்பராக' இலங்கைக்கு வந்தார். கிரீப்பர் என்பது துரை வேலை பழக வரும் வெள்ளைக்கார இளைஞனுக்குத் தோட்ட உலகம் வைத்திருந்த பெயர். சின்னத்துரை ஆவதற்கு முந்திய படி. அவர் இருந்த ரெலுகஸ் தோட்டத்தைப் பல நூல்கள் மாத்தளையில் வைக்கின்றன. தோட்டம் மடுல்கலையைச் சேர்ந்தது. மடுல்கலையோ கண்டி மாவட்டத்துப் பன்விலைப் பக்கம், நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. தொழிலாளர் பக்கம் பேசினார் என்பதால் அவருடைய வேலை போயிற்று. அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பக் கப்பற்சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அவர் கப்பல் ஏறவில்லை, சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

அடுத்த தடயம் 1937 ஏப்ரல் 3, நாவலப்பிட்டிக் கூட்டம். புசல்லாவையில் இருக்கும் எனக்கு மடுல்கலையைவிட நாவலப்பிட்டி கிட்ட. கம்பளையில் இறங்கி பஸ் மாறினால் போதும். இந்திய காங்கிரஸ் சோஷலிஸ்டுத் தலைவரான கமலாதேவி சட்டோபாத்யாய அன்று அங்கே பேசினார். என்.எம். பெரேரா பிரேஸ்கர்டிலையும் மேடைக்கு அழைத்தார். துரைமாரின் சொகுசு தொழிலாளியின் உழைப்பிலிருந்து வருவது என்ற பொருளில் அவர் பேசினார் என்பதில் பொலிஸ் தரப்பும் கட்சித் தரப்பும் ஒத்துப்போகின்றன. ஒன்று குற்றம் சாட்டுவதற்காக எழுதியது, மற்றது கொண்டாடுவதற்காக. எதிரெதிர் நோக்கமுள்ள இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகும் இடத்தை நம்பலாம். பேச்சின் சூட்டை இருதரப்பும் கூட்டிச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு.

அந்த மேடையில் வெளியார் இருவர் இருந்தார்கள். கட்டளை பாய்ந்தது ஒருவர்மேல் மட்டும். இந்தியச் சால்வையைவிட வெள்ளைத் தோல்தான் தோட்டத்துரைமாரைச் சுட்டது என்று நினைக்கிறேன். கூலிக்காரன் முன் துரைசாதி ஒன்றுபட்டு நிற்கும் என்பதன்மேல் அமைந்த ஒழுங்கு அது. ஒரு கிரீப்பர் அதைப் போட்டு உடைத்திருந்தார். வெளிநாட்டான் வந்து உள்நாட்டு அமைதியைக் கெடுக்கிறான் என்ற வாதத்தைப் படிக்கும்போது எங்கள் ஊர் றொத்சைல்ட் தோட்டம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அதை 1841இல் கோப்பிக்காகத் திறந்தவர்கள் ஐரோப்பிய வங்கிக் குடும்பமான றொத்சைல்ட்களின் உறவினரான வேர்ம்ஸ் சகோதரர்கள். முதல் வெளிநாட்டிலிருந்து வந்தது, தேயிலைக் கன்று சீனாவிலிருந்து, உழைப்பு தமிழ்நாட்டிலிருந்து. அதை விசாரிக்க எந்தக் குழுவும் அமரவில்லை.

மூன்றாவது தடயம் கட்டளையே. தேசாதிபதி சேர் ரெஜினால்ட் எட்வர்ட் ஸ்டப்ஸ் கையொப்பமிட்ட ஆணை ஏப்ரல் 22இல் பிரேஸ்கர்டிலிடம் கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 'மூல்டான்' கப்பலில் அவர் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது: அவர் பிரித்தானியப் பிரசை. பிரித்தானியக் குடியேற்ற நாடொன்றில் பிரித்தானியப் பிரசையை அந்நியன் என்று வெளியேற்றுவதற்குச் சாதாரணச் சட்டம் போதாது. அதனால் 1896ஆம் ஆண்டின் அரசவைக் கட்டளை தேடி எடுக்கப்பட்டது. அரசவைக் கட்டளை என்பது குடியேற்ற நாட்டின் சபையைக் கேளாமல், மன்னர் தம் ஆலோசனைச் சபையோடு லண்டனிலிருந்து பிறப்பிக்கும் சட்டம். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் தாளை எடுத்து, தெருமுனைப் பேச்சாளர் ஒருவர்மேல் ஏவியிருந்தார்கள். அவர் தலைமறைவானார்; கப்பல் அவரில்லாமல் போயிற்று.

முடிச்சு அவிழ்ந்தது தீர்மானத்தின் சாரத்தில்தான். பேசியவரை நாடுகடத்தியது தவறு என்பதோடு அது நிற்கவில்லை. பதில் உள்நாட்டு அமைச்சரின் ஆலோசனையைப் பெறாமல் தேசாதிபதி கட்டளையிட்டார் என்பதே குற்றச்சாட்டு. இந்த வரியின் கனத்தை உணர டொனமூர் யாப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1931இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில் இன்றைய பொருளில் அமைச்சரவை இல்லை. சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து ஆட்சி நடத்தினார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்யும் தலைவரே அமைச்சர். பொலிஸ் உள்நாட்டு நிர்வாகக் குழுவின் கீழ் இருந்தது. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் தெரிவுசெய்யப்படாத பிரதம செயலாளரிடம் இருந்தன. பொலிஸ் அறிக்கையின் பேரில் ஒருவரை நாட்டைவிட்டுத் துரத்துவது யாருடைய வேலை? பொலிஸ் விடயமென்றால் குழுவுக்குரியது, பாதுகாப்பு என்றால் தேசாதிபதிக்கும் அவருடைய அலுவலருக்கும் உரியது. ஸ்டப்ஸ் இரண்டாம் வழியில் போனார்.

32 வாக்குகளுக்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மார்க்சியத்தின்மேல் ஆசை இல்லாத உறுப்பினருக்கும் தன் குழுவின் அதிகாரத்தின்மேல் ஆசை உண்டு. வெளியாரின் தலையீடு என்று அவர்கள் கண்டது நாவலப்பிட்டிப் பேச்சை அல்ல, தேசாதிபதியின் இராணி மாளிகையிலிருந்து வந்த கையொப்பத்தை.

நீதிமன்றமும் ஏறத்தாழ அந்தப் பக்கமே சாய்ந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. கூட்டத்துக்கு ஓரிரு நாள் கழித்துப் புதுக்கடையில், கட்சிச் செயலாளர் வேர்னன் குணசேகரவின் வீட்டில் பிரேஸ்கர்டில் கைதானார். ஆட்கொணர்வு மனு ஆயத்தமாகவே இருந்தது. எச்.வீ. பெரேரா கட்டணமில்லாமல் வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில் மூவர் அமர்ந்து, மே 18இல் விடுதலை செய்தார்கள். தீர்ப்பு புதிய சட்ட அறிக்கைகளின் 39ஆம் தொகுதியில் 193ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டின் அதிகாரம் நெருக்கடி நிலைக்குரியது. நெருக்கடி இல்லாதபோது அதைக்கொண்டு ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது. நீதிபதிகள் ஆராய்ந்தது அந்தக் கட்டளையின் எல்லையை மட்டும்தான். நிர்வாகக் குழு கேட்கப்பட்டதா என்ற சபையின் மனக்குறைக்கு அங்கே விடை இல்லை.

அந்த விடையைத் தேட ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1938ஆம் ஆண்டின் 18ஆம் அமர்வுப் பத்திரம். அமர்வுப் பத்திரம் என்பது சபையின் முன் வைக்கப்பட்டு அரசாங்கத்தால் அச்சிடப்படும் அறிக்கை. இத்தகைய தாள்களைப் பாதுகாக்கும் தேசிய சுவடிகள் காப்பகம் இருக்கும் வீதிக்கு இன்று பிலிப் குணவர்தன மாவத்தை என்று பெயர். தேசாதிபதியைக் கண்டித்தவரின் பெயரைக் கேட்டுத்தான் முச்சக்கரவண்டிக்காரர் நம்மை அங்கே இறக்கிவிடுகிறார்.

ஆணைக்குழுவின் முன் வந்த வழக்கின் மையம் இரண்டு மனிதர்களின் வாக்கு. நாடுகடத்தும் யோசனை உள்நாட்டு அமைச்சர் சேர் டி.பி. ஜயதிலக்கவுக்குத் தெரிந்திருந்ததா? பொலிஸ் மா அதிபர் பேங்க்ஸ் சொன்னதும் ஜயதிலக்க சொன்னதும் பொருந்தவில்லை. 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிறையிலிருந்தவர் ஜயதிலக்க. இன்னொருவரை விசாரணையின்றி வெளியேற்றுவதற்கு அவர் தலையசைத்தார் என்பது நம்பக் கடினம், அரசியலில் நடக்காதது என்றும் சொல்ல முடியாது. இருவரில் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பதைவிட, இரண்டையும் தனித்தனியே உண்மை என்று வைத்துப் பார்ப்பது பயன் தந்தது. பேங்க்ஸ் சொன்னது உண்மையானால், அமைச்சர் என்ற தனிமனிதரின் காதில் போட்டதைக் கலந்தாலோசனையாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். டொனமூர் யாப்பிலோ அதிகாரம் குழுவுக்குரியது. ஜயதிலக்க சொன்னது உண்மையானால், அந்தக் காது வரையும் வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் குழு வெளியேதான் நின்றது.

என் விளக்கம் சரியென்றால் அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதிகாரம் தங்கள் கைக்கே வந்தபின், நாவலப்பிட்டிப் பேச்சைக் கேட்ட தோட்டத் தொழிலாளரை இதே அரசியல்வாதிகள் எப்படி நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். பிரேஸ்கர்டில் 1937 முடியுமுன் தன் விருப்பப்படியே நாட்டைவிட்டுப் போனார். 1999இல் இங்கிலாந்தில் காலமானார். நாவலப்பிட்டிக் கூட்டத்துக்குப் பத்தாண்டு கழித்து, 1947 தேர்தலில், நாவலப்பிட்டித் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் கே. இராஜலிங்கத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மலையகத்தில் அப்படி ஏழு பேர் தெரிவானார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு உதவின. அடுத்த ஆண்டு வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இந்தியாவின் செல்வாக்கு இந்நாட்டின் தேர்தலைத் தீர்மானித்துவிடும் என்ற அச்சம் அன்றைய பேச்சுகளில் ஊடாடியது. காலி முகத்திடல் மேடையில் பேசிய பண்டாரநாயக்க சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் அமைச்சர். என்.எம். பெரேராவும் இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். இந்த முறை அவர்களுக்கு 32 வாக்குகள் சேரவில்லை.

அந்தச் சட்டங்களும் நீதிமன்றம் போயின. கோடாக்கன் பிள்ளை வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை, அதாவது அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றம் வரை சென்றது. 1953இல் மேன்முறையீடு தள்ளுபடியானது: யார் குடிமகன் என்று வரையறுப்பது நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது, இச்சட்டம் ஒரு சமூகத்துக்கு எதிரானதாக எழுதப்படவில்லை என்றார்கள். அந்தத் தீர்ப்பு அதே புதிய சட்ட அறிக்கைகளின் 54ஆம் தொகுதியில் இருக்கிறது.