கங்காணி போய் ஏஜென்சி வந்த கதை

கிளிநொச்சி பஸ் நிலையத்துப் பக்கம் மின்கம்பங்களில் அடிக்கடி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். "ஆண், பெண் உடனடியாகத் தேவை. தங்குமிடம், சாப்பாடு இலவசம். நாட்சம்பளம்." கீழே ஒரு போன் நம்பர். எந்தக் கொம்பனி, என்ன வேலை என்று இருக்காது. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலத்தில் எங்களில் சிலபேர் அப்படியொரு நம்பருக்கு எடுத்துக் கதைத்து, கம்பஹா பக்கம் ஒரு ஃபக்டரிக்குப் போனோம். எங்கட ஒரு நாளுக்கு ஃபக்டரி எவ்வளவு கொடுத்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. சம்பளம் தந்தது, வானில் ஏற்றிக்கொண்டு போன ஆள்.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது எங்களில் ஒருவரின் அம்மாயி கேட்டார்: "அப்ப அவருதான் ஒங்க கங்காணியா?" அவர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். நாங்கள் சிரித்தோம். பிறகு வாசிக்கத் தொடங்கினோம்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது துரைமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நேரே போகவில்லை. கங்காணியிடம் முன்பணம் கொடுத்து அனுப்பினார்கள். கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சொந்தக்காரர். அவரை நம்பித்தான் சனம் தோணி ஏறியது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஓரமாகப் போன பாதையால் மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் கனக்கப் பேர். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல்தான்.

வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் கடனாக எழுதப்பட்டது. தோட்டம் மாறவேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுபவர் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எழுதிய கடதாசி அது. ஆள் இடம் மாறினார் என்பதைவிட, கடன் கை மாறியது என்பதே சரி. இதைவிட, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. சம்பளமே பலநேரம் அவர் கையால்தான் வந்தது. துரையின் கணக்குப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று தொழிலாளிக்குத் தெரியாது. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல்.

அந்தத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள்தான் இன்றைக்குப் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் கனக்க இருக்கின்றன. அவர்கள் வந்த காலத்தில் வன்னியில் காணி இருந்தது, காடு வெட்ட வேலை இருந்தது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை என்று அரசு ஆளெடுத்த இடங்களும் இருந்தன. யுத்தம் அவற்றை மூடியது. 2009க்குப் பிறகு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. ஆனாலும் கனக்கப் பெடியளும் பெட்டையளும் தெற்குக்குத்தான் போகிறார்கள். அங்கே ஆரையும் தெரியாது, சிங்களம் ஓடாது. இந்த இடத்தில்தான் ஏஜென்ட் தேவைப்படுகிறார். அவர் இல்லாவிட்டால் எங்களுக்கு அந்த ஃபக்டரி வாசலே தெரிந்திருக்காது. அதை மறைக்க ஏலாது.

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது 1978இல். இன்று அங்கும் அதுபோன்ற இடங்களிலும் 'மான்பவர்' என்ற சொல் சாதாரணம். ஃபக்டரி ஏஜென்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும். ஏஜென்சி தன் பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தரும். ஓர்டர் குறைந்தால் முதலில் நிற்பாட்டப்படுவது மான்பவர் ஆட்கள். கையில் ஊசி ஏறினால் ஃபக்டரி ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி ஃபக்டரியைக் காட்டும். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தபோது போர்டிங் அறைகளில் அடைபட்டவர்களில், நாட்சம்பளத்தை நம்பியிருந்த இவர்களுக்குச் சம்பளம் கேட்க ஓர் முதலாளிகூட இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டணம் அறவிடும் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களுக்கான சட்டம் 1956இலேயே வந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். ஆனால் மான்பவரில் சிக்கல் வேறு: கட்டணத்தை நாங்கள் கையால் கொடுப்பதில்லை, அது எங்கட சம்பளத்திலிருந்து எங்களுக்குத் தெரியாமலே போகிறது.

கங்காணியும் ஏஜென்சியும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. இன்றைக்கு எங்களைக் கட்டிவைக்கத் துண்டு இல்லை, விரும்பினால் பஸ் ஏறி வந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் வந்தோம். ஆனால் கங்காணிக்குத் தன் ஆளின் ஊர், பேர், குடும்பம் தெரியும். எங்களைக் கூட்டிக்கொண்டு போனவருக்கு எங்கட பேரே தெரியாது, தலை எண்ணிக்கை மட்டும் தெரியும். மாறாமல் இருப்பது ஒன்று: வேலை செய்பவருக்கும் வேலை வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவரின் கணக்கு எங்கள் கண்ணில் படுவதில்லை.

இந்த முறையும் ஏ.எல். முடித்த தம்பி, தங்கச்சிமார் அந்த நம்பருக்கு எடுப்பார்கள். எடுக்கவேண்டாம் என்று சொல்ல எங்களிடம் வேறு வேலை இல்லை. ஆனால் வானில் ஏறமுதல் கேளுங்கள்: சம்பளச் சிட்டையில் ஆர் பேர் இருக்கும்? ஊழியர் சேமலாப நிதி கட்டுவது ஆர்? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும். தற்காலிக வேலைக்கும் அது முதல் நாளிலிருந்தே உண்டு. பதிலை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் வேலை செய்த நாட்களை நீங்களே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போகவேண்டி வந்தால் அந்தக் கொப்பி உதவும். நாங்கள் எழுதிவைக்கவில்லை. கடைசி ஒன்பது நாள் சம்பளம் இன்னும் வரவில்லை.