மலையில்லாத ஊரில் சைக்கிள் ஓட்டம்: குடாநாட்டின் ஐந்து பாதைகள்

வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே சைக்கிள் ஓடிப் பழகியவர்கள். நகரத்துக்கு வெளியே போனால் மலையடிவாரம், ஏற்றம், இறக்கம், வளைவு என்று ஓடுவார்கள். இங்கே வந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "யாழ்ப்பாணத்தில் ஓட என்ன இருக்கிறது? எல்லாம் தட்டைதானே" என்பது.

தட்டைதான். சுண்ணாம்புக்கல் தரையான குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 15 மீற்றருக்கு மேல் உயராது. கீரிமலைக்குப் பெயரில் மட்டும்தான் மலை உண்டு. ஆனால் இங்கே ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஏற்றம் காற்று. தாம்போதியில் எதிர்க்காற்றை நாலு கிலோமீற்றர் உழக்கினால் மலை ஏறிய களைப்பு வரும்.

இந்தப் பாதைகளை நான் பல வருடங்களாக ஓடி வருகிறேன். என் வயதுக்காரருக்கு இவற்றை முழுதாக ஓடக் கிடைத்ததே பெரிய விடயம். 1990 இற்குப் பின் இவற்றில் ஏதோ ஒன்று எப்போதும் மூடியே இருந்தது. இப்போது பெரும்பாலானவை திறந்திருக்கின்றன. எப்போது, எந்தத் திசையில், எதைக் கவனித்து ஓடவேண்டும் என்பதற்கான குறிப்புகள் இவை. தூரங்கள் யாழ் நகரிலிருந்து ஒரு வழிக்கு, ஏறக்குறைய.

காற்றைப் பார்த்துப் புறப்படுங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். தீவுப்பக்கம் போகிறவருக்கு அது நேர் எதிர்க்காற்று. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை. தை, மாசியில் வாடை வடக்கு, வடகிழக்குப் பக்கமாக வரும். காற்றும் வெயிலும் தாங்கக்கூடிய இந்த மாதங்களே ஓட்டத்துக்கு நல்லவை. பங்குனி, சித்திரையில் காற்று குறையும், வெயில் கொளுத்தும்.

விதி ஒன்றுதான்: உடம்பில் பலம் இருக்கும்போது எதிர்க்காற்றில் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளட்டும். விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

1. கீரிமலை (20 கிலோமீற்றர்)

புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே ஏற்றது. காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊருக்குப் பின் ஊராக வரும். தண்ணீருக்கும் தேத்தண்ணிக்கும் சைக்கிள் திருத்தவும் கடை உண்டு. சுன்னாகம் சந்தைப்பக்கம் காலை நெரிசலைக் கடக்க வேண்டுமானால் வேளைக்கே போங்கள்.

தெல்லிப்பழை தாண்டியதும் காட்சி மாறும். 1990 யூனில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு இங்கிருந்து தொடங்குகிறது. கூரையில்லாத சுவர்களும் புதிதாகக் கட்டிய வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நகுலேஸ்வரம் 1990 இல் விமானக் குண்டுவீச்சில் சேதமடைந்து மீளக் கட்டப்பட்ட கோவில். கடலோரத்தில் நன்னீர் ஊறும் கேணியில் முழுகிவிட்டுத் திரும்பலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உள்ளன.

பலாலி வீதியால் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வயாவிளானுக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட துண்டு 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. அதுவும் குறித்த நேரத்தில் மட்டும், இடையில் நிற்கக்கூடாது, நடந்து போகக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. நிபந்தனைகள் மாறக்கூடியவை. அந்த ஊர்க்காரரிடம் அன்றைய நிலையைக் கேட்டுவிட்டே திரும்புங்கள்.

2. காரைநகர் (25 கிலோமீற்றர்)

மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி வழியாகப் பொன்னாலை. இதுவரை வயலும் பனையும் ஊர்மனையும். பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலைத் தாண்டினால் தாம்போதி. இரு பக்கமும் ஆழமில்லாத கடல், தூண்டிலோடு நிற்பவர்கள், கொக்குகள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கசூரினா கடற்கரை வரை போய்த் திரும்பலாம்.

நாள் முழுதும் இருந்தால் வட்டமாக ஓடுங்கள்: யாழ்ப்பாணம், வேலணை, ஊர்காவற்றுறை, அங்கிருந்து கடலைக் கடந்து காரைநகர், பொன்னாலை, யாழ்ப்பாணம். மொத்தம் 50 கிலோமீற்றர் வரும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு மிதவைப் 'பாதை' சைக்கிளையும் ஏற்றும். அது பழுதாகிக் கிடக்கும் நாட்களும் உண்டு. முதல்நாளே விசாரியுங்கள்.

3. குறிகட்டுவான் (30 கிலோமீற்றருக்குச் சற்று மேல்)

குடாநாட்டின் மலைப்பாதை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பண்ணைத் தாம்போதியில் ஏறியவுடனேயே சோழகம் முகத்தில் அறையும். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை கழிந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதி வரும். அதில் பேசக்கூட மூச்சு மிஞ்சாது. பலர் சேர்ந்து போனால் ஒருவர் பின் ஒருவராக ஓடி, முன்னுக்குப் போகிறவரை அடிக்கடி மாற்றுங்கள். தண்ணீர் இரண்டு போத்தல் கட்டாயம். வேலணைக்கு அப்பால் கடைகள் குறைவு.

1990களின் முற்பாதியில் தீவகம் குடாநாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. புங்குடுதீவில் பூட்டியபடி கிடக்கும் கல்வீடுகளின் சொந்தக்காரர் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். குறிகட்டுவான் துறையில் நின்றால் நயினாதீவு தெரியும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்கள் நெடுந்தீவிலிருந்து இந்தக் கடலால் வந்தவர்களே.

4. பருத்தித்துறையும் மணற்காடும் (33 கிலோமீற்றர், மேலும் 12)

கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் வரை தோட்டங்கள். புத்தூருக்குக் கிட்ட நிலாவரைக் கிணற்றைப் பார்க்கலாம். பிறகு வல்லைவெளி. மரம் இல்லாத திறந்த வெளியில் காற்று பக்கவாட்டில் தள்ளும். வாகனம் முந்தும் நேரத்தில் அந்தக் காற்று ஆளை நடுவீதிக்குக் கொண்டுபோகும், கான்டிலை இறுக்கிப் பிடியுங்கள். வல்லை முனியப்பர் கோவிலில் நின்று இளைப்பாறுவது பழைய வழக்கம்.

திரும்பும்போது வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு வழியாகக் கடலோரமாக வந்து அச்சுவேலியில் ஏறலாம். அழகான வழி அதுதான்.

இன்னும் ஓடக்கூடியவர்கள் பருத்தித்துறையிலிருந்து வல்லிபுரம் கோவிலைத் தாண்டி மணற்காட்டுக்குப் போகலாம். குன்று என்று சொல்லக்கூடியது குடாநாட்டில் இங்கேதான் இருக்கிறது, அதுவும் மணற்குன்று. மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் இங்கே உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அழித்த கரை இது. இப்போது மணல் அகழ்வு குன்றுகளைத் தின்கிறது. மணல் ஏற்றிய ரிப்பர்களே இந்த வீதியில் சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்து. பின்னால் ஒலி கேட்டால் வீதியை விட்டிறங்கி நின்றுவிடுவேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கும் தெற்கே நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் வீதியை விட்டு விலகவே கூடாது. கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று 2009 வரை முன்னரங்கு இருந்த நிலம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் ஒதுங்கப்போக வேண்டாம். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் போக வேண்டாம்.

5. சங்குப்பிட்டி (25 கிலோமீற்றர்)

ஏ9 வீதியால் நாவற்குழி, அங்கிருந்து ஏ32 இல் திரும்பிக் கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம். 2011 சனவரியில் திறந்த 288 மீற்றர் பாலம் இது. முன்பு இந்த இடத்திலும் மிதவைப் பாதைதான். தை, மாசியில் நாவற்குழிப் பக்கத்து நீரேரியில் தூர நாட்டுப் பறவைகள் நிற்கும். நாவற்குழி வரை பஸ், பாரவூர்தி நெரிசல், அதன்பின் வீதி ஓய்ந்துவிடும்.

இந்த வழியின் முதற் பத்துக் கிலோமீற்றரை நான் வேகமாக ஓடுவதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே மழையில் இவ்வழியால் தென்மராட்சிக்கு நடந்தது. சைக்கிள் வைத்திருந்தவர்களும் ஓடவில்லை, உருட்டினார்கள். கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, கான்டிலில் சட்டி பானை. அடுத்த வருடம் 1996 செப்டெம்பர் 7 அன்று, பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசாமி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். அவரும் அவரைத் தேடிப்போன தாய், தம்பி, அயலவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் ஒருவர் சொன்னதன்பேரில் 1999 இல் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025 இல் அருகே சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பிள்ளைகளோடு ஓடினால் இதில் ஓரமாக நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சைக்கிளும் பாதுகாப்பும்

பந்தயச் சைக்கிள் அவசியமில்லை. நல்ல ரயரும் பிடிக்கும் பிறேக்கும் உள்ள லுமாலா போதும். காற்றடிக்கும் பம், ஒரு மேலதிக ரியூப், வால்கட்டை, ஒட்டுச்சாமான் வைத்திருங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். ஆனால் இன்று வெளிச்சமே இல்லாமல் இரவில் ஓடும் முதியவர்களை ஒவ்வொரு வீதியிலும் காண்கிறேன். போருக்குப் பின் வீதிகள் காப்பெற் ஆகின, வாகனங்களின் வேகம் கூடியது, சைக்கிளுக்கென்று ஓரம் ஒதுக்கப்படவில்லை. 2022 இல் எரிபொருள் இல்லாதபோது ஊரே சைக்கிளுக்குத் திரும்பியது. அப்போதும் அந்த ஓரம் கிடைக்கவில்லை.

அது கிடைக்கும்வரை முன்னுக்கு வெள்ளை வெளிச்சம், பின்னுக்குச் சிவப்பு, வெளிர்நிறச் சட்டை, தலைக்கவசம். வீட்டில் வயதானவர் சைக்கிள் ஓடினால், பற்றரியில் எரியும் சிவப்பு விளக்கொன்றை வாங்கி அவர் கரியரில் பூட்டிவிடுங்கள்.