பல் மருத்துவ டைட்டானியம்: இயந்திரவியல் பண்புகள்

தாடையெலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்கள் பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனவை. எலும்பு இவ்வுலோகத்தோடு இறுகப் பிணைவதைச் சுவீடனின் பெர்-இங்வார் பிரானெமார்க் 1950களில் முயலெலும்பு ஆய்வின்போது கண்டார். 1965இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார்.

தூய டைட்டானியம் நான்கு தரங்களில் கிடைக்கிறது. அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் இரும்பும் சிறிதே கூடினாலும் வலிமை வெகுவாக உயரும்: முதல் தரத்தின் குறைந்தபட்ச இழுவலிமை 240 மெகாபாஸ்கல், நான்காம் தரத்துக்கு 550. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலவை 860ஐத் தாண்டும். வனேடியத்தின் நச்சுத்தன்மை பற்றிய அச்சத்தால் அதற்குப் பதில் நையோபியம் சேர்த்த கலவையும் வந்தது.

வலிமையை விட விறைப்பே இங்கு நுட்பமான சிக்கல். விறைப்பை அளக்கும் யங் குணகம் டைட்டானியத்துக்கு 100 முதல் 110 கிகாபாஸ்கல், கோபால்ட்-குரோமியத்தில் பாதிதான். ஆனாலும் அடர்ந்த எலும்பைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். சுமையை உலோகமே தாங்கிக்கொண்டால், வேலையற்ற எலும்பு மெல்லத் தேயக்கூடும். 13 விழுக்காடு நையோபியமும் அதே அளவு சிர்க்கோனியமும் கொண்ட கலவை, குணகத்தை 80 அளவுக்கு இறக்குகிறது.

மெல்லும்போது மீண்டும் மீண்டும் விழும் சுமையால் களைப்பு முறிவு நேரலாம்; மெலிந்த வேர்களிலும் இணைப்புத் திருகுகளிலும் அபாயம் அதிகம். அமிலத்தன்மையுள்ள புளூரைடும், டைட்டானியத்தின் மேற்பரப்பிலுள்ள காப்பு ஆக்சைடுப் படலத்தை அரிக்கும்.