டே-சாக்ஸ் நோய்: குஜராத் மரபணுப் பிறழ்வு

டே-சாக்ஸ், செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் லைசோசோம்களில் ஒரு நொதி குறைவதால் வரும் அரிய பரம்பரை நோய். ஹெக்ஸோசமினிடேஸ்-ஏ என்ற அந்த நொதி இல்லாததால் நரம்புச் செல்களில் ஒருவகைக் கொழுப்பு தேங்குகிறது. சில மாதங்கள் நன்றாக வளர்ந்த குழந்தை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். நின்ற தலை மறுபடி துவளும். விழித்திரை நடுவே செர்ரிச் சிவப்பில் ஒரு புள்ளி தெரியும். லண்டன் கண் மருத்துவர் வாரன் டே 1881-இல் பதிவு செய்தது அதைத்தான்.

நொதிக் குறைபாடு 1969-இல் தெளிவானது. காரணமான ஹெக்ஸா மரபணு 15-ஆம் குரோமோசோமில் உள்ளது. அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது, நான்கு எழுத்துகள் கூடுதலாக நுழைந்த பிறழ்வு. இந்தியக் குழந்தைகளிடம் அதை மட்டும் தேடினால் நோய் பெரும்பாலும் பிடிபடாது. அகமதாபாத் ஃபிரிஜ் மனித மரபியல் நிறுவனத்தின் ஜயேஷ் சேத் குழுவினர் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, குஜராத்தைச் சேர்ந்த குழந்தைகளிடம் ஒரே பிறழ்வு திரும்பத் திரும்பத் தென்பட்டது: நொதியின் 462-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். பொது மூதாதை ஒருவரிடமிருந்து அது பரவியிருக்கலாம் என்பதே இதன் பொருள்.

குஜராத்தி மக்கள் பெருமளவில் வாழும் மும்பைக்கு இது முக்கியமான செய்தி. பெற்றோர் இருவரும் பிறழ்வைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீத ஆபத்து உண்டு. நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. பிறழ்வு எதுவெனத் தெரிந்துவிட்டால், மும்பையை அடுத்த கோபர்கைரனேயில் வாழும் தம்பதியரும் அடுத்த கருவை முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே நஞ்சுக்கொடித் திசுவைக் கொண்டு சோதித்துக்கொள்ளலாம்.