மலை கடந்த புனல்

வேள்வி முதலியவற்றை இட்டம் என்றும், கிணறும் குளமும் தோண்டுதல், சோலை வளர்த்தல், ஆலயம் எடுப்பித்தல் ஆகியவற்றைப் பூர்த்தம் என்றும் நம் சாத்திரங்கள் பகுத்துரைக்கும். திருக்கோயிலும் திருக்குளமும் ஒரே அறத்தின்பாற் பட்டன என்பது இப்பகுப்பின் கருத்து. இயற்கையிடமிருந்து பெறுவதே மனிதன் தொழில் என்று எண்ணுவோர் உளர். அவன் அதற்குச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு காட்டுகின்றது.

இப்பள்ளத்தாக்கின் மேற்கே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அப்புறத்திலேயே தடுத்து நிறுத்திவிடும். சிவகிரி மலையில் தோன்றி முல்லையாற்றோடு கூடும் பெரியாறு, அம்மழை நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு மேற்கே சென்று அரபிக் கடலிற் கலந்துவந்தது. இப்புறத்திலோ வையை பல மாதம் மணலாகக் கிடந்தது. இடையே நின்றது ஒரு மலைமுகடு மட்டுமே.

அம்முகட்டைக் கடந்து நீரைக் கொணரலாகாதா என்ற எண்ணம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. அவர் ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார், பணி கைகூடவில்லை. 1808இல் ஆராய்ந்த காப்டன் கால்டுவெல், இது வெறுங் கனவே என்று எழுதிவிட்டார். 1850இல் தொடங்கிய சிறு முயற்சியும் காட்டுக் காய்ச்சலால் கைவிடப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. கனவென்று தள்ளப்பட்டது கட்டாயக் கடமையாயிற்று.

ஜான் பென்னிகுயிக் என்ற பொறியாளரின் திட்டம் 1882இல் ஏற்கப்பட்டது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது. கருங்கல்லும், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தும் கொண்டு, 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் உடைய அணையை எழுப்பினர். ஆற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர். யானையும் புலியும் உலவும் அடர்காட்டில், பெயர் தெரியாத கூலியாட்கள் பலர் மலைக்காய்ச்சலுக்கு இரையாயினர். அணையருகே இன்றும் கல்லறைகளைக் காணலாம். 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் கிழக்கே இறங்கிற்று.

பென்னிகுயிக் தம் மனைவியின் நகைகளை விற்று அணையை முடித்தார் என்று கர்ணபரம்பரையாகக் கூறுவர். அரசாங்கச் செலவில் முடிந்தது என்பதே ஆவணங்கள் காட்டும் வரலாறு. ஆயினும் நன்றி மிகுந்த நெஞ்சங்கள் இப்படியொரு கதையைப் புனைந்துகொண்டதில் வியப்பில்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்ட குடும்பங்கள் இப்பள்ளத்தாக்கில் உள.

அவ்வாறு இறங்கிய நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கலந்து வையையை அடைகின்றது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் கழனியாயிற்று. வீரபாண்டியில் கௌமாரியம்மன் சந்நிதிக்கு அருகே சித்திரைத் திருவிழாவில் நீராடும் அடியார்மீது படுவதும் பெரும்பாலும் மலைக்கு அப்பால் பெய்த மழையே.

மனிதருக்கு விளைந்த நன்மை இது. காட்டுக்கு விளைந்தது யாது? அணையின் பின்னே ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேக்கடி ஏரி விரிந்தபோது, பள்ளத்தில் நின்ற கானகம் மூழ்கிற்று. அஃது இழப்பே, மறைத்தற்கில்லை. ஆனால் ஏரியைக் காக்கச் சுற்றியுள்ள காட்டையும் காக்க வேண்டியதாயிற்று. 1899இல் அக்காடு ஒதுக்கக் காடாயிற்று. 1934இல் நெல்லிக்காம்பட்டி வேட்டைவிலங்குக் காப்பிடமும், 1950இல் பெரியாறு சரணாலயமும் அமைந்தன. 1978இல் அது புலிகள் காப்பகமாயிற்று. நெல்லுக்காகத் தேக்கிய நீர், வேனிற்காலத்தில் யானைக் கூட்டத்துக்கும் காட்டெருதுக்கும் தாகம் தீர்க்கின்றது. மூழ்கிய மரங்களின் கருத்த அடிகள் நூறாண்டு கடந்தும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு விரித்து வெயில் காய்கின்றன. அணை கட்டியோர் அவற்றை நினைத்துக் கட்டவில்லை.

கிழக்கே வருசநாட்டு மலைகளில் நேர்ந்ததோ வேறு. அங்கே வையையின் சொந்த ஊற்றுக்கண்களை மூடியிருந்த காடு பலகாலம் அழிக்கப்பட்டு விளைநிலமாயிற்று. மேகமலையை உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது. அயல்மலையின் நீரை அரும்பாடுபட்டுக் கொணர்ந்த நாடு, தன் மலையின் காட்டை நெடுங்காலம் மறந்திருந்தது.

லோயர்கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் 2013இல் திறக்கப்பெற்றது. அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் உழவர் அவர் பெயரால் பொங்கல் இடுகின்றனர். முதற்போகத்துக்காகத் தேக்கடி மதகு திறக்கப்படும் நாளிலும் அங்கே கூடுவோர், பீறிட்டு வரும் நீரில் இரு கைகளாலும் மலர் தூவி நிற்கின்றனர்.